வாசகர் எண் 412

லதின்காவின் கணவன் அசேன் இறந்தபோது இருவரும் பிரிந்து பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. விவாகரத்து மட்டும் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அவன் கேக்கல, நான் குடுக்கல" என்பாள். அதனால் மார்ச் பத்தொன்பதாம் தேதி காலை பிளெவன் மருத்துவமனையிலிருந்து வந்த தொலைபேசி, அவனோடு குடும்பம் நடத்திய சவ்காவுக்குப் போகாமல் லதின்காவுக்கு வந்தது. காகிதத்தில் மனைவி என்று இருந்த பெயர் அவளுடையது.

அப்போது அவள் படகுத்துறையில் டிக்கெட் கூண்டில் இருந்தாள். எங்கள் நிகோபோலில் டான்யூப் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குப் போகும் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு "சரி" என்றாள். வரிசையில் நின்ற ஆறு லாரிகளுக்கும் சீட்டுக் கொடுத்து முடித்தாள். பிறகுதான் படகில் கயிறு கட்டுகிற ரதோயைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நேரம் கூண்டுல உக்காரு. நான் பிளெவன் போயிட்டு வரணும். அசேன் செத்துட்டான்."

ரதோய் தொப்பியைக் கழற்றினான். "நானும் கூட வரட்டுமா அக்கா?"

"நீ வந்தா சீட்டு யாரு குடுக்கறது?"

பேருந்தில் தனியாகப் போனாள். மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டாள். அசேனுடைய பொருள்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். செருப்பு, பெல்ட், ஒரு சின்ன ரேடியோ, மார்ச் முதல் தேதி எல்லோரும் கையில் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளை நூல். நூலைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். கட்டிய மறுநாளே, மார்ச் இரண்டாம் தேதி, அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். பையை அவள் சவ்காவிடம் கொடுக்கவில்லை, வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. கூண்டில் மேசைக்கு அடியில் வைத்தாள்.

அடக்கத்தைச் சவ்காதான் நடத்தினாள். லதின்கா வந்து கடைசி வரிசையில் நின்றாள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் அவித்த கோதுமையை வாங்கித் தின்றாள். திரும்பி இடுகாட்டு மேட்டிலிருந்து இறங்கும்போது நான் அவளோடு நடந்தேன். அவளாகவே சொன்னாள்: "ஒண்ணுமே தோணல பவ்லினா. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் ஒரு மாதிரி கெடக்குமே, அந்த மாதிரி இருக்கு."

நான் இந்த ஊர் வாசகசாலையில் நூலகர். எனக்கு நாற்பத்தொரு வயது. லதின்காவுக்கு ஐம்பத்தேழு. இருபது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வருகிறாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவள் வாசகர் எண் 96. இப்போது எங்கள் எண்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. ஆனால் உயிரோடு இருந்து புத்தகம் எடுப்பவர்கள் எண்பது பேர் இருந்தால் அதிகம்.

அவள் நாவல் மட்டும் படிப்பாள். அதையும் அலமாரியில் பார்த்து எடுக்கமாட்டாள். யாராவது சொல்ல வேண்டும். கூண்டின் ஜன்னலில் சீட்டு வாங்க வரும் லாரிக்காரனிடம், "வண்டியில என்ன வச்சுப் படிக்கறே? நல்லாருக்கா?" என்று கேட்பாள். பல் மருத்துவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் கேட்பாள். ஒருமுறை சுங்க அதிகாரி ஒருவர் அவளுக்கு ஒரு நாவலின் கதையைச் சொல்லப்போய், படகு அவர் இல்லாமல் கிளம்பிவிட்டது. கேட்டதையெல்லாம் ரசீதின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பாள். பாதிக்கு மேல் எங்களிடம் இருக்காது. இருப்பதைக் கொடுப்பேன். மறு சனிக்கிழமை வந்து, "அந்தத் துருக்கிக்காரன் சொன்னது சரிதான்" என்றோ, "அந்த ஆளுக்கு ருசியே கெடையாது, இனிமே அவன்கிட்ட கேக்கக்கூடாது" என்றோ தீர்ப்புச் சொல்வாள். என்னிடம் மட்டும் அவள் கேட்டதில்லை. நான் நாவல் படிப்பதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நாள் முழுக்க அட்டையைத் தொடுகிறோம், வீட்டுக்குப் போய் இன்னொன்றைத் திறக்கக் கை வருவதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை அவள் மூன்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றிலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை என்றாள்.

"கண்ணு ஓடுது. பக்கத்தோட அடிக்கு வந்துருது. வந்து பாத்தா ஒண்ணும் இல்ல. மறுபடியும் மேல போறேன்."

"கொஞ்ச நாள் ஆகட்டும் அக்கா."

"எதுக்குக் கொஞ்ச நாள்? நான் ஒண்ணும் துக்கத்துல இல்லையே. அவன் என் வீட்ட விட்டுப் போனப்போ அழுது முடிச்சுட்டேன். ரெண்டு தடவ யாரும் அழுவாங்களா?"

ஆனால் ஊர் விடவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் படம் போட்ட தாளைக் கதவிலும் மின்கம்பங்களிலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் புதிய தாள் ஒட்டுவார்கள். லதின்காவின் வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் போகிற சாலையில் ஒன்பது கம்பங்கள். ஒன்பதிலும் அசேன். படத்தில் அவனுக்கு நாற்பது வயது. கீழே பெயர் எதுவும் போடாமல் "துயருறும் நெருங்கியவர்கள்" என்று மட்டும் இருந்தது. அவள் அந்தக் கம்பங்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனாள். நின்று பார்ப்பாளா என்று ரதோயிடம் கேட்டேன். "பாக்கறதும் இல்ல, பாக்காம திரும்பறதும் இல்ல. கம்பம்னா கம்பம்" என்றான்.

அவளால் படிக்க முடியவில்லை என்ற செய்தி பரவியதும் எல்லோரும் ஆளுக்கொரு நாவல் சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் அவள் கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள், இப்போது கேட்காமலே கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியை கெனோவா மூன்று பாகம் கொண்ட ஒரு போர் நாவலைப் பையில் தூக்கிக்கொண்டு கூண்டுக்கே வந்தார். "எண்ணூறு பேர் சாகறாங்க இதுல. உன் கஷ்டம் சின்னதாத் தெரியும்" என்றாராம். பல் மருத்துவர், சிரித்தால் சரியாகிவிடும் என்று நகைச்சுவை நாவல் ஒன்றை அனுப்பினார். ரதோய் ஒரு காதல் நாவல் கொண்டுவந்தான்.

"நீ படிச்சியாடா இத?"

"நான் எங்கக்கா படிச்சேன்? என் பொண்டாட்டி இதப் படிச்சுட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவ்ளோ நல்ல புத்தகம்."

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றிலும் பத்துப் பக்கம் படித்தாள். போர் நாவலில் பத்தாம் பக்கத்துக்குள் முப்பது பேர் செத்ததாகவும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. ருசி கெட்டவன் என்று ஒருவரைக்கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. வாசகசாலையின் மேல்மாடியில் நாட்டியக் குழு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் புத்தகங்களின் மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். லதின்கா வந்து நின்று, "எதையாவது குடு" என்றாள். கையில் இருந்த மெலிந்த புத்தகத்தைக் கொடுத்தேன். யோசித்துக் கொடுக்கவில்லை. துணிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

நூற்றி நாற்பது பக்கம். அணை கட்டுவதற்காக ஒரு மலைக் கிராமத்தை அளக்க வரும் ஒருவன், பனியில் மாட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கிறான். அவ்வளவுதான் கதை என்று அடுத்த சனிக்கிழமை அவள் சொன்னாள்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நல்லாருந்துச்சா?"

"தெரியல. ஆனா நிறுத்தத் தோணல."

அவள் புத்தகத்தின் பின் அட்டையைத் திறந்து காட்டினாள். எங்கள் புத்தகங்களின் கடைசியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எடுத்த நாள், திரும்பிய நாள், வாசகர் எண். என் கையெழுத்துதான். அந்தப் புத்தகத்தைப் பத்து வருடத்தில் ஒரே ஒருவர் எடுத்திருந்தார். எண் 412.

"பத்தொம்பது நாள் வச்சிருந்திருக்காங்க. நூத்தி நாப்பது பக்கத்துக்குப் பத்தொம்பது நாளா? எழுத்துக் கூட்டிப் படிக்கற ஆளா?"

நான் சிரித்துவைத்தேன்.

"இந்த ஆள் வேற என்ன எடுத்திருக்காங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது அக்கா. விதி."

"நீ சொல்ல வேணாம்" என்றாள். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முதல் அலமாரிக்குப் போனாள்.

412 யார் என்று எனக்குத் தெரியும். சவ்கா. மூன்று வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தாள். படிவத்தை நிரப்புவதற்கு முன், "அவங்க எந்தக் கெழம வருவாங்க?" என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். "அப்போ நான் செவ்வாக்கெழம" என்றாள். புத்தகம் எடுப்பது செவ்வாய்க்கிழமைதான்; திருப்பிக் கொடுக்க வேறு நாளில் வந்தாலும், அந்த மூன்று வருடத்தில் சனிக்கிழமை மட்டும் ஒரு முறைகூட வந்ததில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அல்லது அந்தத் தாளைக் கிழித்து வேறு ஒட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. மாதக்கணக்கில் ஒன்றையும் படிக்காத ஒருத்தி படித்திருக்கிறாள். யாருடைய எண்ணாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடை முழுக்க லதின்கா நாவல்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்தாள். அலமாரி முன் நின்று ஒவ்வொரு புத்தகத்தையும் உருவி, பின் அட்டையைத் திறந்து, எண்ணைப் பார்த்து, மறுபடி செருகுவாள். ஒரு சனிக்கிழமையில் இரண்டு தட்டு முடியும். யார் எழுதியது, என்ன கதை என்று பார்க்கவே மாட்டாள். 412 இருந்தால் தேதியைப் பார்ப்பாள். இரண்டு நாளில் திரும்பியது என்றால் வைத்துவிடுவாள். பதினைந்து நாள், இருபது நாள், நீட்டிப்புப் போட்டு நாற்பது நாள் என்று இருந்தால் எடுத்துக்கொள்வாள்.

"ரெண்டு நாள்ல குடுத்தது ஒண்ண எடுத்துப் பாத்தேன். குப்பை. இந்த ஆளுக்கு ஓட்டமா ஓடற கதை ஆகாது. ஆளுங்க ஒரே எடத்துல இருக்கணும். வேல செய்யணும். மழை, பனி ஏதாவது பெய்யணும். அப்போதான் வச்சுக்கறாங்க."

"உங்களுக்கும் அதுதான் புடிக்குதா?"

"எனக்குப் புடிக்குதா இல்லையான்னு நான் பாக்கல. முடியுது, அவ்ளோதான்."

இப்படிப் பதினான்கு நாவல். உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு சகோதரர்கள். கப்பல் உடைக்கும் துறையில் சமையல்காரன். கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி. எதைப் பற்றியும் அவள் நீளமாகப் பேசவில்லை. முன்பெல்லாம் ஒரு நாவல் பிடித்தால் ஊரெல்லாம் சொல்வாள். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டு அலமாரிக்குப் போய்விடுவாள். கூண்டில் லாரிக்காரர்களிடம் கேட்பதையும் விட்டுவிட்டாள் என்று ரதோய் சொன்னான். "டிக்கெட்டக் கிழிச்சுக் குடுக்குது, சில்லறையக் குடுக்குது, குனிஞ்சுக்குது. டிரைவருங்க, அந்தம்மாவுக்கு என்னாச்சுன்னு கேக்கறானுங்க."

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை நாவல் அலமாரிகள் முடிந்தன. கடைசித் தட்டில் கிடைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பின் அட்டையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கு அப்பறம் இந்த எண் இல்ல. பிப்ரவரி பதிமூணு எடுத்து மார்ச் ரெண்டுல முடியுது."

"ஆமா."

"இந்த ஆள் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"ஊர விட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல அக்கா."

அவள் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள். மார்ச் இரண்டு. சவ்கா அன்று வெள்ளிக்கிழமை வந்தாள். ஆம்புலன்ஸ் போன ஒரு மணி நேரத்தில் வந்து, புத்தகத்தை மேசையில் வைத்து, "இது இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை லதின்காவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மருத்துவமனையில் அவள் கையெழுத்துப் போட்ட மூன்று தாள்களிலும் சேர்த்த நாள் என்று அந்தத் தேதிதான் இருந்தது.

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"பனிட்ஸா கடைக்காரி" என்றாள். சவ்கா பேருந்து நிறுத்தத்தில் பனிட்ஸா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கும் கடை வைத்திருந்தவள். அந்தக் கடையைத் தாண்டிப் போய் லதின்கா பத்தொன்பது வருடம் வெறும் ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறாள்.

"நீங்க கேட்டப்போவே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

"சொல்லியிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேன்." எழுந்தாள். "படிச்சாச்சு. இப்போ என்ன பண்றது? அடுத்து என்ன படிக்கறதுன்னு தெரியலையே."

நான் கெனோவாவின் மூன்று பாகத்தை நினைவுபடுத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக, கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். சொன்னது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

செப்டம்பர் முதல் வாரம், வேலை இல்லாத ஒரு நாள், லதின்கா மேசைக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு சவ்காவின் வீட்டுக்குப் போனாள். தேவாலயத்துக்கு மேலே இருக்கும் சந்து. பந்தலில் திராட்சை பழுத்து யாரும் பறிக்காமல் குளவி மொய்த்துக்கொண்டிருந்தது. கடையை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாவு மூட்டைகள் வாசலிலேயே கிடந்தன. சவ்கா அசேனுடைய கம்பளிச் சட்டையோடு வந்து கதவைத் திறந்தாள். அவளுக்கு ஐம்பது வயது.

"இன்னும் எதுல கையெழுத்து வேணும்?"

"எதுலயும் வேணாம். இது ஆஸ்பத்திரியில குடுத்தது. உன்னுது." பையை நீட்டினாள். "அப்பறம் ஒரு புத்தகம் கேக்கணும்."

"என்னது?"

"புத்தகம். நாவல்."

சவ்கா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. இங்கயே நின்னு பேசினா எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்குவா."

சமையலறையில் உட்கார்ந்தார்கள். சவ்கா லிண்டன் பூத் தேநீர் போட்டாள். அவள் பையைத் திறக்கவில்லை. ரேடியோவின் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நானூத்திப் பன்னெண்டு நீதானே?"

"ஆமா. பவ்லினா சொன்னாளா?"

"அவ சொல்லல. நீ எடுத்ததுல பதினாலு நாவல் படிச்சிட்டேன். நீ மார்ச்சுல நிறுத்திட்டே. எனக்கு அடுத்தது வேணும். நல்லதா ஒண்ணு சொல்லு, போயிடறேன்."

சவ்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது நான் எடுத்தது இல்ல" என்றாள். "எடுத்தது நான்தான். பொறுக்கினது அவரு."

"யாரு, அசேனா?"

"சர்க்கரையில கண்ணு போயிருச்சு, மூணு வருஷம் ஆச்சு. ரேடியோ போட்டா, பொய் பேசறானுங்க நிறுத்துன்னுவாரு. நாள் பூரா அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பாரு. என்னாலயே பாக்க முடியல. ஒரு நாள் கடைய மூடிட்டு வந்து ஒரு புத்தகத்த எடுத்து சத்தமாப் படிச்சேன். பத்துப் பக்கம் படிப்பேன், அதுக்கு மேல தொண்ட காஞ்சுரும். தூங்கிட்டாருன்னா மறுநாளே திருப்பிக் குடுத்துருவேன். தூங்காம உக்காந்திருந்தாருன்னா அடுத்த நாளும் படிப்பேன். அவ்ளோதான். நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. தூங்கறதும் முழிக்கறதும்தான்."

லதின்கா அந்த ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் மடித்த போர்வை.

"பதினோரு வருஷம் என்கூட இருந்தான்" என்றாள். "நான் படுத்துக்கிட்டு புத்தகத்தத் தொறந்தா, வெளக்க அணைடின்னுவான். ஒரு வரி கேட்டதில்ல."

"இங்கயும் கண்ணு இருந்த வரைக்கும் அப்படித்தான்" என்றாள் சவ்கா.

தேநீர் ஆறிப்போனது. லதின்கா பிறகு என்னிடம் சொன்னாள்: அந்த நேரத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாளாம். அல்லது பொறாமை. உப்பளத்துச் சகோதரர்கள் கதையில் மூத்தவன் மழையில் உப்பை மூட ஓடும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அசேனும் தூங்காமல் இருந்திருக்கிறான் என்று மட்டும் நினைத்தாளாம். வேறு ஒன்றும் வரவில்லையாம்.

"சரி, அது அவன் பொறுக்கினது. உனக்கு எது புடிச்சுது?"

"எனக்கா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

சவ்கா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்ததாக லதின்கா சொன்னாள். "ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தி ரயில்வே கேட்டுல வேல பாக்கறா. வேற யாருக்கோ வந்த லெட்டரப் பிரிச்சிடறா. அதோட அந்தப் பக்கம் முடியுது, திரும்பிப் பாத்தா இவரு கொறட்ட. மறுநாள் குடுத்துட்டேன். அந்த லெட்டருல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

"நீ மட்டும் தனியா எடுத்துப் படிச்சிருக்கலாமே."

"எப்போ? கடை, மாவு, ஊசி, மாத்திரை. அப்பறம் அது மறந்துபோச்சு. இப்போ நீங்க கேட்டதுலதான் ஞாபகம் வருது."

"பேரு?"

"பேரு ஞாபகமில்ல. அட்டை பழுப்பு."

மறுநாள் வியாழக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் லதின்கா என்னிடம் வந்து நின்றாள். பழுப்பு அட்டை, ரயில்வே கேட், ஒரு நாளில் திரும்பியது. நான் சவ்காவின் வாசகர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். விதியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரே நாளில் திரும்பியவை இருபத்தாறு இருந்தன. எட்டாவதாகத் திறந்ததில் ரயில்வே கேட் இருந்தது. போன வருடம் அக்டோபர்.

அதை அவள் ஒன்பது நாளில் படித்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை அவள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சவ்கா. நான் நாள்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமைதான். கையில் கடைச் சாவிக்கொத்து. மின்சாரக்காரரைப் பார்க்க வந்தாளாம், அப்படியே எட்டிப் பார்த்தாளாம். மின்சாரக்காரர் வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது.

"படிச்சீங்களா?" என்று நின்றபடியே கேட்டாள்.

"படிச்சேன்."

"லெட்டருல என்ன?"

"சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க."

"விதைக் கடைக்காரன் அனுப்பினது. முட்டைக்கோசு விதை இத்தனை வகை இருக்குன்னு ஒரு பட்டியல்."

சவ்கா சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா பிரிச்சுட்டாளே. அத மறைக்கறதுக்கு ஒரு பொய், அதுக்கு ஒரு பொய். அதுதான் மீதிக் கதை பூரா."

"நல்லாருக்கா?"

"சுமார். நடுவுல எழுபது பக்கம் இழுக்கறான். புருஷன் பேச ஆரம்பிச்சா நீ தாண்டிப் போயிரு, ஒண்ணும் போகாது."

"நான் தாண்டிப் படிக்கறதில்ல" என்றாள் சவ்கா. "வாயத் தொறக்காமப் படிக்கவும் வரல இப்போ. முயற்சி பண்ணிப் பாத்தேன். பக்கத்துல ஆள் இல்லாமப் படிச்சா திருடற மாதிரி இருக்கு."

"அப்போ வாய் விட்டுப் படி. உன் வீட்டுல யாரு கேக்கப் போறா?"

"எதிர்வீட்டுக்காரி கேப்பா."

"கேக்கட்டுமே. அவளுக்கும் பொழுது போகும்."

புத்தகத்தைச் சவ்கா எடுத்துக்கொண்டாள்; அதன் கடைசித் தாளில் 96-க்குக் கீழே நான் 412 என்று எழுதினேன். இருவரும் சேர்ந்து வெளியே போகவில்லை. லதின்கா முதலில் போனாள். சவ்கா கொஞ்சம் நின்று, கூரையைப் பார்த்து, சுண்ணாம்பு விழுகிறதே, யாரும் சரிசெய்யமாட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் தோழிகளாகிவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் மற்றவருக்கு ஒரு சின்னத் தாளில் எழுதி என்னிடம் விட்டுப்போகிறார்கள். லதின்கா எழுதுவது பெரும்பாலும் ஒரு வரி. "முதல் அத்தியாயத்தை விட்டுவிடு." "இது உனக்கு ஆகாது, குழந்தை சாகிறது." சவ்கா எழுத்துப்பிழையோடு இரண்டு பக்கம் எழுதுவாள். அதைப் படித்துவிட்டு லதின்கா சில சமயம் அந்த நாவலை எடுப்பதில்லை. இதுவே போதும் என்பாள்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, மூடுபனியில் படகு ஓடாத நாள், லதின்கா என்னிடம் வந்தாள். படகு ஓடியிருந்தால் அன்று அவளுக்கு வேலை நாள். மேலங்கியைக் கழற்றாமல் ஹீட்டர் பக்கத்தில் நின்றாள்.

"நேத்து கூண்டுல அழுதேன்."

"எந்த நாவல்?"

"நாவல் இல்ல. ஒரு ருமேனியாக்காரன் சீட்டு வாங்க வந்தான். சில்லறை இல்ல, மன்னிச்சிருங்கன்னான். மரியாதையான ஆளு. அதுக்கு என்ன இருக்கு? எனக்கு அழுகை வந்துருச்சு. நிக்கல. ரதோய்தான் வந்து மிச்ச லாரிக்கெல்லாம் சீட்டுக் கிழிச்சான். ரெண்டு பேருக்கு மாத்திக் குடுத்துட்டான், மடையன்."

"இப்போ எப்படி இருக்கு?"

"தலை வலிக்குது."

நான் தேநீர் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கைகளை ஹீட்டரில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"சனிக்கெழம தொறந்திருப்பியா? இல்ல, அன்னிக்கு விடுமுறையா?"

"தொறந்திருப்பேன். பத்து மணிக்கு."

"சரி" என்றாள். கழுத்துக் குட்டையை இறுக்கிக்கொண்டு வெளியே போனாள். மூடுபனியில் வாசகசாலைப் படிகளில் இரண்டாவதுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.